முகாமுக்கு மறுநாள்

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். தாராவியில் எங்கள் வாலிபர் மன்றத்துக்கு நான் செயலாளர். போன வருடம் நவம்பர் 14 அன்று கோயில் வாசலில் பந்தல் போட்டு இலவச சுகர் முகாம் நடத்தினோம். 312 பேர் வந்தார்கள். 46 பேருக்கு 200-க்கு மேல். சீட்டில் எண்ணை எழுதி, ‘டாக்டரைப் பாருங்க’ என்று சொல்லி அனுப்பினோம். போன மாதம் அந்த 46 பேரில் ஒருவரை, எங்கள் தெரு அண்ணாச்சியை, கால் பெருவிரல் எடுத்த கட்டோடு பார்த்தேன். “நீங்க எழுதிக் குடுத்த சீட்டு பர்சுலதான் இருக்கு தம்பி” என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. இந்த வருடம் 500 பேருக்கு நடத்த வேண்டும் என்று மன்றத்தில் பேசி முடித்திருக்கிறார்கள். ஒரு மருந்துக் கம்பெனி சுகர் பார்க்கும் ஸ்டிரிப் தருவதாகச் சொல்கிறது. நடத்தலாமா? எப்படி நடத்தினால் உருப்படியாக இருக்கும்?

(பெயர் வேண்டாம், தாராவி, மும்பை)

பதில்: தம்பி, அந்த விரல் உங்களால் போகவில்லை. சுகர் வந்த ஒரே வருடத்தில் விரலை எடுக்கும் நிலை சாதாரணமாக வராது. அண்ணாச்சிக்கு அது பல வருடமாகச் சத்தமில்லாமல் இருந்திருக்கும். உங்கள் பந்தலில்தான் முதல்முதலாக அவருக்கு ஒரு எண் தெரிந்தது. ஆனால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு எங்கே போவது, என்றைக்குப் போவது, யாரைப் பார்ப்பது என்று சீட்டில் எதுவும் இல்லை. மடித்து பர்சில் வைத்துவிட்டார். என் கையில் கொடுத்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

அதனால் 500 வேண்டாம், 150 போதும். மன்றத்தில் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. முகாமுக்கு மறுநாளிலிருந்து மூன்று மாதத்துக்கு வேலை இருக்கிறது, ஆட்களின் தெம்பை அதற்கு மிச்சம் வையுங்கள். அதற்கும் முன்னால் போன வருடத்து 46 பேரைத் தேடுங்கள். பெயரும் போன் நம்பரும் நோட்டில் இருக்கும் அல்லவா? ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் உட்கார்ந்து போன் போடுங்கள். “அப்புறம் டாக்டரைப் பார்த்தீங்களா?” என்று மட்டும் கேட்டால் போதும். பந்தல்காரருக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே இது நடக்க வேண்டும்.

அவர்கள் சொல்லப்போகும் பதில்களை நான் என் அறையில் தினமும் கேட்கிறேன். “ஒண்ணும் வலிக்கலையே.” “ஒரு நாள் சம்பளம் போயிடும்.” மூன்றாவது ஒன்று உண்டு, நம் பெண்கள் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள்: அங்கே போய் என்ன பேசுவது? நாற்பது வருடம் மும்பையில் இருந்தும், வீட்டுக்கும் கோயிலுக்கும் சந்துக்கடைக்கும் தமிழே போதும் என்று இருந்துவிட்ட அக்காக்கள் உங்கள் தெருவில் எத்தனை பேர்! பெரிய ஆஸ்பத்திரியில் கேஸ் பேப்பர் எடுக்கும் வரிசையில் மராத்தியில் நாலு கேள்வி வந்ததும் அவர்களுக்கு வியர்த்துவிடுகிறது. மகன் லீவு போட்டுக் கூட்டிப் போக வேண்டும். மகனுக்கு லீவு இல்லை. அப்படியே ஒரு வருடம் ஓடிவிடுகிறது.

உங்கள் மன்றத்தால் செய்ய முடிகிற மிகப் பெரிய வேலை இதுதான்: கூடப் போவது. மராத்தியும் இந்தியும் பேசத் தெரிந்த பிள்ளைகள் உங்களிடம் இருக்கிறார்கள். மாநகராட்சி 2022-இல் தொடங்கிய ‘ஆப்லா தவாகானா’ மருந்தகங்களில் பார்ப்பதும் மாத்திரையும் இலவசம். வேலை முடிந்து மாலையில் போகும்படி பல இடங்களில் நேரம் வைத்திருக்கிறார்கள். முகாமுக்கு இரண்டு வாரம் முன்பே உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் மருந்தகத்து டாக்டரை நேரில் பார்த்து, “உங்களிடம் இருபது முப்பது பேரை அனுப்பப்போகிறோம், எந்தக் கிழமை தோது?” என்று கேளுங்கள். சொல்லாமல் ஒரே நாளில் முப்பது பேர் போய் நின்றால் யாருக்கும் கோபம் வரும். கண், கால், சிறுநீரகம் என்று சிக்கல் தெரிந்தவர்களுக்கு சயான் ஆஸ்பத்திரி இருக்கவே இருக்கிறது. சீட்டில் எண்ணுக்குக் கீழே இப்படி எழுதுங்கள்: ‘வரும் புதன், மாலை 6 மணி, கோயில் வாசலில் செல்வி அக்கா நிற்பார், அவரோடு போங்கள்.’ பெயரும் கிழமையும் உங்கள் வசதிப்படி. ஆனால் ஒரு பெயரும் ஒரு கிழமையும் கட்டாயம் இருக்க வேண்டும்.

சரி, இப்போது முகாம் அன்று என்ன செய்வது.

வருகிற எல்லோர் விரலையும் குத்தத் தேவையில்லை. போன வருடம் பந்தலுக்கு வந்த இருபது வயதுப் பையன்களுக்கெல்லாம் ஸ்டிரிப் செலவழித்திருப்பீர்கள். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்களும் ‘சும்மா இன்னொரு தடவை பார்ப்போம்’ என்று வரிசையில் நின்றிருப்பார்கள். சென்னையில் சர்க்கரை நோய் நிபுணர் டாக்டர் வி. மோகன் குழுவினர் 2005-இல் சுகர் ஆபத்தைக் கணிக்க ஒரு மதிப்பெண் முறை வெளியிட்டார்கள். அதற்கு ஊசி வேண்டாம், ஒரு டெய்லர் டேப் போதும். வயது 35-க்குக் கீழே என்றால் 0, 35 முதல் 49 வரை 20, ஐம்பதும் அதற்கு மேலும் 30. இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் 0, 80 முதல் 89 வரை 10, 90-ம் அதற்கு மேலும் 20. ஆண்களுக்கு ஒவ்வொன்றிலும் பத்து சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். உடற்பயிற்சியும் உண்டு, உழைப்பான வேலையும் உண்டு என்றால் 0. இரண்டில் ஒன்றுதான் என்றால் 20. இரண்டும் இல்லை என்றால் 30. அப்பா, அம்மாவில் ஒருவருக்கு சுகர் என்றால் 10, இருவருக்கும் என்றால் 20. கூட்டி 60 அல்லது அதற்கு மேல் வந்தால் ஆபத்து அதிகம்.

உங்கள் தெருவிலிருந்தே இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். விடியற்காலை சைக்கிளில் இட்லிப் பாத்திரம் கட்டிக்கொண்டு போகும் அண்ணன், வயது 48, இடுப்பு 86, வீட்டில் யாருக்கும் சுகர் இல்லை. வயதுக்கு 20, உழைப்பு மட்டும் இருப்பதால் 20, ஆக 40. வீட்டிலேயே பீஸ் கணக்கில் துணி தைக்கும் அக்கா, வயது 42, இடுப்பு 88, அம்மாவுக்கு சுகர். 20, 10, 30, 10, ஆக 70. அண்ணனைவிட இளையவர், குண்டும் இல்லை. பந்தலுக்கு வரவே மாட்டார், ஏனென்றால் சாயங்காலத்துக்குள் நூறு பீஸ் முடிக்க வேண்டும். டேப்பை எடுத்துக்கொண்டு அந்த அக்காவின் வாசலுக்கு ஒரு பெண் தொண்டரை அனுப்பினால், பந்தலில் ஐம்பது பேரைப் பார்ப்பதைவிட அது பெரிய வேலை.

டேப்பிலும் ஒரு விஷயம். இடுப்பு என்றதும் எல்லோரும் பாவாடை நாடா கட்டும் இடத்தில், அதுவும் சேலைக் கொசுவத்துக்கு மேலேயே அளந்துவிடுகிறார்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல்முனைக்கும் நடுவில், மூச்சை விட்ட நிலையில் அளக்க வேண்டும். அதற்கு ஒரு திரையும், அளக்க ஒரு பெண்ணும் வேண்டும். இது இல்லாவிட்டால் பெண்கள் “எல்லாம் எழுவத்தஞ்சுதான் தம்பி, எழுதிக்கோங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

யாரையும் வெறும் வயிற்றில் வரச் சொல்லாதீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், என் கண்ணால் பார்த்தது. வேறொரு புறநகரில் ஒரு முகாம், பல வருடம் முன்பு. ‘சாப்பிடாமல் காலை 7 மணிக்கு வரவும்’ என்று நோட்டீஸ். சிறப்பு விருந்தினர் குத்துவிளக்கு ஏற்றிய பிறகுதான் பரிசோதனை தொடங்கும் என்று அமைப்பாளர்கள் பிடிவாதமாக இருந்தார்கள். அவர் வந்தது பத்தரைக்கு. அதற்குப் பிறகு பொன்னாடை. வரிசையில் ஒரு அம்மா, அறுபது வயதிருக்கும், ஏற்கெனவே சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர். மாத்திரையைப் போட்டுவிட்டுப் பட்டினியாக வந்திருக்கிறார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வெயில் என்று நினைத்தேன். பக்கத்தில் போய்ப் பேர் கேட்டால் வேறு ஏதோ சொல்கிறார். விரலைக் குத்திப் பார்த்தால் 48. டீக்கடையிலிருந்து சர்க்கரை வாங்கி மூன்று ஸ்பூன் தண்ணீரில் கலந்து குடிக்கவைத்தோம். பதினைந்து நிமிடம் கழித்து இன்னொரு தடவை பார்த்தபோது 82. எழுந்து உட்கார்ந்ததும் அவர் கேட்டது, “மினிஸ்டர் வந்தாச்சா?” விழுங்கும் நினைவு அவருக்கு இருந்ததால் வாயில் கொடுத்தோம். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, நேரே ஆஸ்பத்திரிதான்.

சாப்பிட்டுவிட்டு வரட்டும். விரலில் பார்த்து 140-க்கு மேல் இருந்தால் புதன்கிழமைக் கூட்டத்தில் சேர்த்துவிடுங்கள். விரல் நுனியில் பார்ப்பதை வைத்து ‘உங்களுக்கு சுகர்’ என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். அதை உறுதி செய்ய லேப் பரிசோதனை வேண்டும்: வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல், இல்லையென்றால் மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி 6.5 அல்லது அதற்கு மேல். பெரும்பாலும் இரண்டாம் முறையும் பார்த்தே முடிவு செய்வோம். மீட்டரே நல்ல மீட்டராக இருந்தாலும் 15 சதவீதம் முன்பின் காட்டலாம் என்று சர்வதேசத் தரவிதியே விட்டுக்கொடுத்திருக்கிறது. விதிவிலக்கு ஒன்று: 300-க்கு மேல் இருந்து, வாந்தி, மேல்மூச்சு, அசதி ஏதாவது இருந்தால் புதன்கிழமைக்குக் காத்திருக்கக்கூடாது, அன்றைக்கே ஆட்டோ பிடியுங்கள். கர்ப்பிணிகளுக்கு விதி வேறு. அவர்களைப் பிரசவம் பார்க்கும் இடத்துக்கே அனுப்பிவிடுங்கள்.

உங்கள் முகாம் கோயில் வாசலில் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். பிரசாதம் சாப்பிட்ட கை! சர்க்கரைப் பொங்கல் தொட்ட விரலில் குத்தினால் மீட்டர் விரலில் ஒட்டியிருக்கும் வெல்லத்தையும் சேர்த்துச் சொல்லும். 260 காட்டிய ஒருவர் சோப்புப் போட்டுக் கை கழுவி வந்ததும் 130 காட்டியதைப் பார்த்திருக்கிறேன். பரிசோதனை மேஜைக்கு முன்னால் ஒரு வாளி, ஒரு சோப்பு, ஒரு துண்டு. கை நன்றாகக் காய்ந்த பிறகு, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள், வலி குறைவு. ஸ்டிரிப் டப்பாவைத் திறந்து வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்காதீர்கள். நம் ஊர்க் கடல்காற்றின் ஈரம் அதைக் கெடுத்துவிடும். குத்தும் ஊசி ஒருவருக்கு ஒன்று, குத்தியதும் தானே உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும் வகையாக வாங்குங்கள். பேனா போன்ற கருவியில் ஊசியை மட்டும் மாற்றி மாற்றிப் பலருக்குக் குத்துவதால் ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் தொற்று பரவிய இடங்கள் உண்டு. பயன்படுத்திய ஊசிகள் துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில் போக வேண்டும். 2016 மருத்துவக் கழிவு விதிகள் முகாம்களுக்கும் பொருந்தும். பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றிடம் முன்கூட்டியே கேட்டு, டப்பாவை அவர்களிடம் ஒப்படையுங்கள். சந்தில் இருக்கும் குப்பைத்தொட்டியில் போட்டால் மறுநாள் குப்பை பொறுக்கும் பிள்ளையின் கையில் அது குத்தும்.

மைக்கில் எண்ணைச் சொல்லவே கூடாது. சிரிக்காதீர்கள், ‘அடுத்து 340 வந்தவர் இப்படி வாங்க’ என்று கூப்பிட்ட முகாம் எனக்குத் தெரியும். கல்யாணத்துக்குப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண் ஒருத்தி அந்த வரிசையில் நின்றால் அவள் வீட்டின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். எண்ணைச் சீட்டில் எழுதி மடித்துக் கையில் கொடுங்கள்.

மருந்துக் கம்பெனி ஸ்டிரிப் தந்தால் வாங்கிக்கொள்ளலாம், என் மனசாட்சிக்கு அது உறுத்தவில்லை. ஆனால் வந்தவர்களின் பெயர், போன் நம்பர் பட்டியலைக் கேட்டால் தராதீர்கள், பேனரில் அவர்கள் மாத்திரையின் பெயரும் வேண்டாம். அதைவிடப் பெரிய தொல்லை வேறு: ‘சுகரை 40 நாளில் அடியோடு ஒழிக்கும் சூரணம்’ விற்கிறவர் பந்தல் செலவை ஏற்கிறேன் என்று வருவார். கண்டிப்பாக வருவார். சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.

மேடைப் பேச்சுக்குப் பத்து நிமிடம் போதும். உலக சர்க்கரை நோய் நாளான நவம்பர் 14 இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஃபிரெடரிக் பாண்டிங்கின் பிறந்தநாள் என்பதையும், நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு சர்க்கரை நோயும் 13.6 கோடிப் பேருக்கு அதற்கு முந்தைய நிலையும் இருப்பதாக 2023-இல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னதையும் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடலாம். மிச்ச நேரத்தில் ஒரு தட்டில் நாம் வழக்கமாக வைக்கும் சோற்றையும், பக்கத்துத் தட்டில் பாதித் தட்டுக்குக் காய், கால் பங்கு பருப்போ மீனோ, கால் பங்கு சோறு என்றும் வைத்துக் காட்டுங்கள். யாரும் எதுவும் சொல்லாமலே பெண்கள் அந்த மேஜையைச் சுற்றி நின்று சண்டை போடுவார்கள். நல்ல சண்டை.

நான் உண்மையில் உங்களிடம் கேட்க நினைப்பது தேதியைப் பற்றி. நவம்பர் 14 முடிந்து இரண்டு மூன்று நாளில் கார்த்திகை ஒன்று. உங்கள் பகுதியில் எத்தனை பேர் மாலை போடுவார்கள்? 41 நாள் செருப்பில்லாமல், தாராவிச் சந்துகளில், சாக்கடை மூடியிலும் தோல்பட்டறைத் துண்டுகளிலும் தகரத்திலும் மிதித்து நடப்பார்கள். அதில் நாற்பது வயது தாண்டியவர்களில் சுகர்காரர்கள் கட்டாயம் இருப்பார்கள். சிலருக்கு அது இருப்பதே தெரியாது. காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் ஆணி ஏறினாலும் தெரியாது. சாயங்காலம் பூஜைக்கு உட்காரும்போது பாதத்தில் ரத்தத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பார். உங்கள் அண்ணாச்சியின் விரல் எப்படிப் போனது என்று கேட்டீர்களா? என் நோயாளிகளில் இப்படி ஆரம்பித்தவர்கள் ஒருவர் இருவர் இல்லை.

ஆகவே குருசாமியைப் பிடியுங்கள். டாக்டர் சொன்னால் தட்டுவார்கள், குருசாமி சொன்னால் தட்டமாட்டார்கள். மாலை போட வருகிறவர்களை முகாமுக்கு அனுப்பச் சொல்லுங்கள். கால் பார்க்க ஒரு பெஞ்சு போடுங்கள். பரிசோதனை எளிது, கருவி வேண்டாம்: அவரைக் கண்ணை மூடச் சொல்லி, இரண்டு பாதத்திலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனியை உங்கள் ஆள்காட்டி விரலால் பூப்போல ஒன்றிரண்டு நொடி தொடுங்கள். அழுத்தக்கூடாது, தடவக்கூடாது. தொட்டது தெரிந்தால் ‘வலது’, ‘இடது’ என்று சொல்லட்டும். ஆறில் இரண்டு அல்லது அதற்கு மேல் தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்டவருக்குச் செருப்பில்லாத விரதம் வேண்டாம். ஐயப்பன் கோபிக்க மாட்டார் என்று நான் சொன்னால் எடுபடாது, அதையும் குருசாமிதான் சொல்ல வேண்டும். விரதத்தில் ஒருவேளைச் சாப்பாடு என்று இருப்பவர்கள் மாத்திரையை எப்படி மாற்றிக்கொள்வது என்று டாக்டரிடம் முன்பே கேட்டுக்கொள்ளட்டும். இன்சுலின் போடுகிறவர்களுக்கு இது கண்டிப்பு.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருக்கிறதா என்று எல்லோரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சுகர் இருந்தால் டிபி வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு. நெருக்கியடித்து வாழும் நம் இடங்களில் அதைக் கேட்காமல் விடக்கூடாது.

மன்றத்தில் கணக்குக் கேட்டால், எத்தனை பேரைப் பரிசோதித்தோம் என்று சொல்லாதீர்கள். எத்தனை பேர் லேப் ரிப்போர்ட்டோடு இரண்டாம் தடவை டாக்டரைப் பார்த்தார்கள் என்று பொங்கலன்று சொல்லுங்கள். 90 அடி ரோட்டில் பானை வைக்கும்போது எல்லோரும் ஒரே இடத்தில்தானே இருப்பார்கள், கேட்டுவிடலாம்.

அப்புறம் அந்த அண்ணாச்சி. ஒரு விரல் எடுத்தவருக்கு அடுத்த விரலுக்கும் மறுகாலுக்கும் ஆபத்து அதிகம், கட்டுப் பிரித்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று விட்டுவிடக்கூடாது. இந்த வாரமே நீங்கள் கூடப் போய்க் கால் பார்க்கும் டாக்டரிடம் காட்டுங்கள். போகும்போது அவர் வழக்கமாகப் போடும் பழைய செருப்பையே போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள், புதுசு வேண்டாம். அது எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது என்று டாக்டர் பார்க்க வேண்டும்.